ஆயிரத்து நானூற்று அறுபது லிட்டர்

தெருவில் அவரை எடைமேடைக்காரர் என்றும் அவர் மனைவியைப் பார்லரக்கா என்றும்தான் எல்லோரும் கூப்பிட்டார்கள். எடைமேடைக்காரர் முப்பத்தொரு வருடம் நெடுஞ்சாலை ஓரத்துக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து லாரிகளை எடை போட்டவர். வண்டி மேடை ஏறி நிற்கும். இவர் எண்ணைப் பார்ப்பார். ஐம்பது கிலோ கூடுதலாக இருந்தாலும் தலையை இடமும் வலமுமாக ஒரு தடவை ஆட்டுவார். அதற்கு மேல் பேச்சே கிடையாது, ஓட்டுநர் மூட்டையை இறக்கித்தான் ஆக வேண்டும். அத்தனை வண்டிகளை நிறுத்தியவருக்கு ஒரு வண்டியையும் ஓட்டத் தெரியாது. வீட்டில் ஓட்டத் தெரிந்தவர் பார்லரக்காதான்.

ஓய்வு பெற்ற பிறகு நான்கு மாதம் அவர் வீட்டில் சும்மா இருந்தார். சும்மா என்றால் முழுக்கச் சும்மா இல்லை. உப்பு டப்பா, செருப்பு, இஸ்திரிப் பெட்டி என்று கையில் கிடைத்ததையெல்லாம் தூக்கிப் பார்த்து எடை சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் விருந்துக்கு வந்த சம்பந்தியம்மாவைக் கண்ணால் மேலும் கீழும் பார்த்து எழுபத்திரண்டு என்றார். அந்த வாரமே பார்லரக்கா பார்லரைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு, சேமிப்பில் ஒரு பழைய கேரவன் வாங்கினார். உள்ளே ஒரு கட்டில், இரண்டு நீள இருக்கை, அடுப்பு, அலமாரி, நின்று குளிக்கும் அளவுக்கு ஒரு மூலை. அறுபது லிட்டர் தண்ணீர்த் தொட்டி. ஊர் ஊராகப் போய்க் கடல், மலை, அருவி எல்லாம் பார்ப்பது என்று முடிவு.

முதல் பயணத்தின் இரண்டாம் நாளே அது நடந்தது. பார்லரக்கா தலைக்கு ஷாம்பு போட்டு நன்றாக நுரை வந்த நேரத்தில் குழாய் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. சுற்றிலும் பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு கடைகூட இல்லை. வண்டியில் இருந்த மூன்று பாட்டில் எலுமிச்சை சோடாவை ஊற்றித்தான் நுரையை இறக்க முடிந்தது. முடி கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது. போகிற இடமெல்லாம் தேனீக்கள் கூடவே வந்தன. பார்லரக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. வெயிலில் தலையை உலர்த்தியபடி ஒன்றே ஒன்று சொன்னார்.

"இருபத்தேழு வருஷத்துல ஒருத்தரையும் நான் நுரையோட எழுப்பி அனுப்பினதில்லைங்க."

எடைமேடைக்காரருக்கு அது நெஞ்சில் போய்த் தைத்தது. வண்டியைச் சுற்றி மூன்று முறை நடந்தார். பிறகு மைத்துனருக்குப் போன் போட்டார்.

மைத்துனர் என்றால் பார்லரக்காவின் தம்பி. குழாய் வேலை செய்பவர். எதையும் முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதர், அதனாலேயே அவரை யாரும் எளிதில் கூப்பிட மாட்டார்கள். வந்து பார்த்துவிட்டு, இருக்கைக்கு அடியில் எவ்வளவு இடம் வீணாகிறது பாருங்க மாமா என்றார். இரண்டு இருக்கைக்கு அடியிலும் நூற்றுப்பத்து லிட்டர் வீதம் இரண்டு தொட்டிகள் ஏறின. அங்கே இருந்த போர்வைகள் அலமாரிக்குப் போயின. அடுத்த வாரம் அலமாரியிலேயே முந்நூற்று இருபது லிட்டர் தொட்டி நின்றது, போர்வைகளும் துணிகளும் கட்டிலுக்கு வந்தன. கட்டிலில் படுக்க இடமில்லை என்று பார்லரக்கா சொன்னபோது மைத்துனரும் எடைமேடைக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையின் அர்த்தம் அக்காவுக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். மறுநாள் மெத்தையைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஐந்நூறு லிட்டர் கொள்ளும் தடித்த ரப்பர்ப் பையை விரித்துத் தண்ணீர் நிரப்பினார்கள்.

அதில் படுப்பது தனி வித்தை. எடைமேடைக்காரர் ஒரு பக்கம் சரிந்து படுத்தால் பார்லரக்கா மறுபக்கம் நான்கு விரற்கடை உயர்ந்துவிடுவார். ஒருவர் தும்மினால் அந்த அலை சுவரில் மோதித் திரும்பி வந்து அவரையே தூக்கிப் போடும். காலையில் காபிக்கும் பல் விளக்கவும் அதிலிருந்தே குழாய் என்பதால், பார்லரக்கா முதலில் எழுந்து அடுப்படியில் வேலையை ஆரம்பித்தால், இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும் கணவர் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருப்பார்.

"மொத்தம் ஆயிரத்து நூறு," என்று எடைமேடைக்காரர் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். அவர் முகத்தில் ஒரு களை வந்திருந்தது. டப்பாக்களைத் தூக்கிப் பார்ப்பதையே மறந்துபோனார்.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மைத்துனர் போகிற போக்கில், வானத்துலேருந்து சும்மா விழுறதை விட்டுட்டுக் குழாயடியில போய் நிக்கிறோமே மாமா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். எடைமேடைக்காரர் அன்று மதியம் சாப்பிடவில்லை. பிளாஸ்டிக் குழாய்களை நீளவாக்கில் பிளந்து கூரையின் நான்கு ஓரமும் பொருத்தினார்கள். இரண்டு பக்கமும் பின்னாலும் பெரிய தார்ப்பாய்களைப் பந்தல் மாதிரி விரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஓட்டை போட்டுக் குழாய் செருகினார்கள். இலை தழை வடிகட்ட வலை, முதல் மழையின் அழுக்கை வெளியே விடத் தனி வால்வு, மட்டம் காட்ட மிதவை. வேலை சுத்தமாகத்தான் இருந்தது, அதைக் குறை சொல்ல முடியாது.

எல்லாம் முடிந்ததும் எடைமேடைக்காரர் செய்த முதல் காரியம், தொட்டிகளில் இருந்த குழாய்த் தண்ணீரைப் பழைய தண்ணீர் என்று திறந்துவிட்டதுதான். மழைக்கு இடம் வேண்டும் அல்லவா. ஆயிரத்து நூறு லிட்டர் கொள்ளும் வண்டியில் அறுபது லிட்டரோடு அவர்கள் மறுபடி கிளம்பினார்கள். மெத்தை வெறும் ரப்பர் விரிப்பாகத் தட்டையாகக் கிடந்தது.

ஐந்து வாரம் மழையைத் துரத்தினார்கள். பார்லரக்கா ஓட்டுவார், எடைமேடைக்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மேகத்தைப் பார்த்து இடது, வலது என்று சொல்லிக்கொண்டு வருவார். வானிலைத் தகவல் மையத்துக்குத் தினம் காலையில் போன் செய்தார். அங்கே எடுக்கும் பெண்மணி இவர் குரலைக் கேட்டதுமே, நேத்து நீங்க இருந்த இடத்துல இன்னிக்கு மழைங்க என்று ஆரம்பிக்கும் அளவுக்குப் பழகிவிட்டார். இவர்கள் போய்ச் சேரும் இடத்தில் எல்லாம் சாலை ஈரமாக இருக்கும், மரம் சொட்டும், ஆட்கள் குடையை மடக்கிக்கொண்டிருப்பார்கள். வழியில் அருவி வந்தது, மேகம் வேறு பக்கம் போனதால் நிறுத்தவில்லை. கடற்கரைச் சாலையில் பார்லரக்கா தாமாகவே வண்டியை ஓரங்கட்டி இறங்கிக் கடலைப் பார்த்தபடி நின்றார். எடைமேடைக்காரரும் இறங்கி ஒரு நிமிடம் பார்த்தார்.

"அவ்வளவும் உப்பு," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

ஆறாவது வாரம் ஒரு புல்வெளி முகாமில் நிறுத்தியிருந்தபோது மழை தானாகவே வந்தது. கேரவன்களுக்கென்று வாடகைக்கு விடும் இடம், வேறு நான்கு வண்டிகள் நின்றன. பிற்பகல் இரண்டு மணிக்கு ஆரம்பித்த மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. எடைமேடைக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு வால்வுகளுக்கு நடுவில் ஓடினார். இருக்கைத் தொட்டிகள் நிரம்பின. அலமாரி நிரம்பியது. மெத்தை மெதுவாக மூச்சை இழுத்து எழுந்து உட்கார்ந்தது. நான்கு மணிக்கெல்லாம் ஆயிரத்து நூறு ஆகிவிட்டது, மழையோ இப்போதுதான் சூடு பிடித்திருந்தது. வழிந்து போகும் தண்ணீரை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. முகாம் நடத்துபவரின் கொட்டகையிலிருந்து இருபது லிட்டர் கேன்கள் பதினெட்டை வாங்கி வந்து நிரப்பி, அடுப்படியிலும் நடைபாதையிலும் குளியல் மூலையிலும் அடுக்கினார். கடைசிக் கேனை வைத்ததும் கதவைச் சாத்த முடியவில்லை. பார்லரக்கா வெளியே வந்துவிட வேண்டியதாயிற்று. பந்தலுக்கு அடியில் நிற்கலாம் என்றால் தார்ப்பாய் வயிறு பெருத்து முழங்கால் மட்டத்துக்கு இறங்கியிருந்தது. அக்கா பிடித்திருந்த குடையையும் எடைமேடைக்காரர் ஒரு நிமிஷம் கொடும்மா என்று வாங்கி, தலைகீழாகத் தொங்கவிட்டுவிட்டார்.

வீட்டுக்குள் மழையும் மழைக்குள் வீட்டுக்காரர்களுமாக, இருவரும் மடக்கு நாற்காலி போட்டு மழைக்கோட்டோடு உட்கார்ந்தார்கள். எடைமேடைக்காரரின் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. அவர் கை அனிச்சையாக அதற்கு அடியில் போனது. பிறகு மனைவி பார்ப்பதைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார்.

"உனக்காகத்தான்மா எல்லாம்," என்றார்.

"தெரியும்."

"அப்போ ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்குற?"

பார்லரக்கா அவர் பக்கம் திரும்பினார். "தலை ஒட்டினது ரெண்டு நாள்ல சரியாப் போச்சு. நீங்க வீட்டுல சும்மா உட்கார்ந்திருந்தீங்களே நாலு மாசம், அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. இது பரவாயில்லைன்னு விட்டுட்டேன்."

எடைமேடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் அழுதாரா என்று சொல்ல முடியாது, முகமெல்லாம் ஏற்கெனவே நனைந்திருந்தது. அப்போதுதான் வண்டி பின்பக்கமாகப் பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம் போட்டு, நான்கு சக்கரமும் அச்சுவரை மண்ணுக்குள் இறங்கியது.

மறுநாள் காலை கிரேன் வந்தது. கிரேன்காரர் இறங்கி வந்து புதைந்த சக்கரத்தைப் பார்த்தார், கதவு வழியாகக் கேன்களைப் பார்த்தார், பிறகு எடைமேடைக்காரரைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார்.

"நீங்க எடைமேடை ஐயாதானே? பதினாறு வருஷத்துக்கு முன்னாடி என் வெங்காய லோடுல அறுபது கிலோ அதிகம்னு நிறுத்தினீங்க. வெயில்ல ஒத்தை ஆளா இறக்கினேன்."

எடைமேடைக்காரர் நினைவில்லை என்று சொல்லப் பார்த்தார். ஆனால் அந்த வெங்காயம் அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

"இதுல எவ்வளவு அதிகம்?" என்று கேட்டார் கிரேன்காரர்.

"தண்ணியை லோடுன்னு சொல்ல முடியாது. அது வானத்துலேருந்து வந்தது."

கிரேன்காரர் தலையை இடமும் வலமுமாக ஒரு தடவை ஆட்டினார். போய்க் கிரேனின் நிழலில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்துவிட்டார்.

கொட்டுவது என்ற பேச்சுக்கே எடைமேடைக்காரர் இடம் தரவில்லை. முறையாகச் செலவழித்துத் தீர்க்கிறேன் என்றார். முகாமில் இருந்த நான்கு குடும்பத்தாரையும் ஒவ்வொருவராகப் போய்க் குளிக்க அழைத்தார். நேற்றுப் பூராவும் நனைந்தவர்கள் யாரும் வரவில்லை. ஒரு ஆசிரியர் மட்டும் மரியாதைக்காக வந்து ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போனார். கடைசியில் முகாம் நடத்துபவர்தான் மோட்டார் வாகன ஆய்வாளரை வரவழைத்தார். எடை மீறிய வண்டியைக் கிரேன் தொட வேண்டுமானால் ஆய்வாளர் எழுதித் தர வேண்டுமாம்.

ஆய்வாளர் பொறுமைசாலி. கக்கத்தில் கோப்பும் கையில் அளவு நாடாவுமாக வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்து, படுக்கையை ஒரு விரலால் அழுத்தினார். அந்த அலை அடங்கும்வரை காத்திருந்துவிட்டுப் பேசினார். வண்டி வீடு என்று பதிவாகியிருக்கிறது. ஆனால் இதில் ஆள் இருக்க இடமில்லை. ஆள் இருந்தால் வீடு, தண்ணீர் இருந்தால் டேங்கர். இரண்டும் இருந்தால் எது அதிகமோ அதுதான். ஆள் எவ்வளவு என்று கேட்டார். எடைமேடைக்காரர் தமக்கு அறுபத்தெட்டு, மனைவிக்கு அறுபது என்று கிலோக் கணக்கில் உண்மையைச் சொன்னார். தண்ணீர் எவ்வளவு என்றபோது அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. ஆயிரத்து நானூற்று அறுபது என்றார், கொஞ்சம் பெருமையோடு.

"அப்போ டேங்கர்தான். டேங்கர்னா நல்லது, லோடோடயே தூக்கலாம். தண்ணி பொதுச் சேவைக்குன்னு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

ஒரு சொட்டும் கொட்ட வேண்டாம் என்பது மட்டும்தான் எடைமேடைக்காரரின் காதில் விழுந்தது. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"அப்போ நான் யாரு?" என்று பார்லரக்கா கேட்டார்.

ஆய்வாளர் படிவத்தைப் புரட்டினார். டேங்கரில் குடியிருப்பவர் என்று ஒரு கட்டம் இல்லை. ஓட்டுநர், உதவியாளர் என்று இரண்டு கட்டம்தான் இருந்தது. யாரிடம் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது என்று விசாரித்து, பார்லரக்காவை ஓட்டுநர் கட்டத்திலும் அறுபத்தொரு வயது எடைமேடைக்காரரை உதவியாளர் கட்டத்திலும் எழுதினார். கிரேன்காரர் டிபன் டப்பாவைக் கழுவத் தண்ணீர் கேட்டார். எடைமேடைக்காரர் அவருக்கு அளந்து ஊற்றினார். பிறகுதான் வண்டி லோடோடு மண்ணிலிருந்து மேலே வந்தது.

கேரவன் முகாமில் டேங்கர் நிற்கக் கூடாது என்பதால் அதன்பின் லாரி நிறுத்துமிடத்தில்தான் இடம் கிடைத்தது. அங்கே ஓட்டுநருக்குக் கட்டிலும் விசிறியும் உள்ள அறை உண்டு. உதவியாளருக்கு வராந்தா. பார்லரக்கா அந்த அறையில் பல வாரத்துக்குப் பிறகு அசையாத கட்டிலில் படுத்துப் பத்து மணி நேரம் தூங்கினார். பதினோராம் நாள் ஒரு உத்தரவு வந்தது. வாகன அலுவலகத்தின் பட்டியல் குடிநீர் வழங்கல் அலுவலகத்துக்குப் போய், புதிதாக ஒரு டேங்கர் சேர்ந்திருப்பதை அங்கே கவனித்திருக்கிறார்கள். உடனடியாக உயிரியல் பூங்காவுக்குச் செல்லவும் என்று இரண்டு முத்திரை குத்தியிருந்தது.

பூங்காவில் ஒரே ஒரு நீர்யானை இருந்தது. அதன் குளம் விரிசல் விட்டு வற்றிப்போயிருந்தது. அதைப் பராமரிக்கும் பெண் அதைப் பெரியம்மா என்று கூப்பிட்டார். சிமெண்ட் காயும்வரை பெரியம்மா மேல் விடாமல் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்க வேண்டும், ஆனால் குழாய்த் தண்ணீரின் மருந்து வாடை அதற்கு ஆகாது, அடித்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்துவிடுகிறது என்று அவர் சொன்னார்.

"இது மழைத் தண்ணிங்க," என்றார் எடைமேடைக்காரர். "மூணு தடவை வடிகட்டினது."

ஹோஸ் பைப்பை மாட்டித் திறந்தார். பெரியம்மா முதலில் ஒரு காதை ஆட்டியது. பிறகு எழுந்து, நான்கு அடி எடுத்து வைத்து, வாயைத் திறந்தது. அவ்வளவு பெரிய வாயை எடைமேடைக்காரர் அருகில் பார்த்ததில்லை. உள்ளே தண்ணீர் போகிற சத்தம் கிணற்றுக்குள் போவது போலக் கேட்டது. முதலில் கேன்கள் தீர்ந்தன, பிறகு இருக்கைகள், பிறகு அலமாரி. மெத்தையின் முறை வந்தபோது பார்லரக்கா கணவர் முகத்தைக் கவனித்தார். அவர் தயங்குவார் என்று எதிர்பார்த்தார். எடைமேடைக்காரரோ குழாயை மாற்றி மாட்டிக்கொண்டே, காதுக்குப் பின்னால சரியா நனையலை பாரு, கொஞ்சம் இடது பக்கம் வா பெரியம்மா என்று அதனோடு பேசிக்கொண்டிருந்தார்.

மாலை நான்கரை மணிக்குத் தண்ணீர் முடிந்தது. வண்டி ஒரு முழம் உயர்ந்து நின்றது. எடைமேடைக்காரர் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துப் பெரியம்மாவை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஆயிரத்து முந்நூத்தி இருபது," என்றார்.

பராமரிப்பாளர் திடுக்கிட்டுப் போய்த் தம் நோட்டைத் திறந்து பார்த்தார். நோட்டில் ஆயிரத்து முந்நூற்றுப் பத்து என்று இருந்தது. அது போன மாதத்து எடை என்று அவரே சொன்னார்.

அங்கேயே நின்று, பெய்த மழையைப் பிடித்து அடித்துச் சமாளித்தார்கள். அடுத்த வாரம் குளம் சரியாகிக் குழாய்த் தண்ணீர் நிரப்பினார்கள். பெரியம்மா விளிம்புவரை வந்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்க் கேரவன் நிற்கும் வேலி ஓரமாகவே படுத்துக்கொண்டது. பூங்கா அலுவலகம் குடிநீர் அலுவலகத்துக்கு எழுதியது, குடிநீர் அலுவலகம் வாகன அலுவலகத்துக்கு எழுதியது, கடைசியில் அந்த டேங்கரும் அதன் ஓட்டுநரும் உதவியாளரும் மறு உத்தரவு வரும்வரை நீர்யானைக் குளத்தருகிலேயே நிற்க வேண்டும் என்று ஆனது. மைத்துனர் வந்து பூங்காவின் எல்லாக் கூண்டுக் கூரைகளிலிருந்தும் மழைக்குழாய் இழுத்தார். குளம் இப்போது மழைநீரில்தான் நிறைகிறது. எடைமேடைக்காரருக்குக் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை நிற்க நேரமில்லை, சிங்கத்திலிருந்து ஆமைவரை மாதம் ஒருமுறை எடை பார்க்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. பார்லரக்கா வாரத்தில் ஒரு நாள் அவரைப் பூங்காவிலேயே விட்டுவிட்டு, காலியான வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகக் கடற்கரைக்குப் போய்வருகிறார்.

பார்வையாளர்கள் நீர்யானையைப் பார்த்த கையோடு, திறந்திருக்கும் கேரவன் கதவு வழியாக இவர்கள் சாப்பிடுவதையும் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். சிலர் கடலை வீசினார்கள். பார்லரக்கா அலுவலகத்தில் புகார் செய்தார். மறுநாளே வேலியில் ஒரு பலகை மாட்டினார்கள். தண்ணீர் வண்டி, இருவர், உணவு கொடுக்காதீர்கள் என்று அதில் எழுதியிருந்தது. பார்லரக்கா அதைப் படித்துப் பார்த்துவிட்டு நேராக அலுவலகத்துக்குப் போய், இருவரில் ஓட்டுநர் யார் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லிவிட்டு வந்தார். எழுதிவிட்டார்கள்.